விவாகம் முறிந்தால் கடமையும் முறியுமா?

விவாகரத்து என்னும் சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் காதைப் பொத்திக்கொள்ளுகிறவர்கள் நம்மவரில் இன்றும் பலர் உளர். அச்சொல் வீட்டுக்குள் நுழைந்தால் குலத்துக்கே இழுக்கு என்பது அவர்கள் எண்ணம். வேறு சிலரோ, சட்டம்தான் இடங்கொடுத்துவிட்டதே, கட்டியதை அவிழ்த்துவிட்டு அவரவர் வழியே போய்விடலாம் என்று மிக எளிதாகப் பேசுகின்றனர். முன்னவர், விவாகம் ஒருபோதும் முடியலாகாது என்கின்றனர். பின்னவர், விவாகம் முடிந்தால் எல்லாமே முடிந்தது என்கின்றனர். இவ்விரு கூட்டத்தாரும் ஒருவருக்கொருவர் மாறுபட்டவர்போலத் தோன்றினும், ஆழ்ந்து நோக்குமிடத்து இருவரும் ஒரே தவற்றைச் செய்கின்றனர். விவாகம் என்னும் கட்டும், அதிலிருந்து பிறந்த கடமைகளும் ஒன்றே என்று இரு சாராரும் நினைத்துவிடுகின்றனர்.

கட்டு அறுந்துபோகலாம். ஆனால், அந்தக் கட்டை நம்பி ஒருத்தி கழித்த ஆண்டுகள் திரும்பி வருமா? அந்தக் கட்டிலிருந்து பிறந்த பிள்ளை பிறவாததாகிவிடுமா? நாம் இங்கு ஆராயப் புகுவது, விவாகரத்து நல்லதா கெட்டதா என்னும் பழைய வழக்கையன்று. பிரிந்தபின் ஒருவர்க்கொருவர் பட்டிருக்கும் கடன் யாது, பிள்ளைகளுக்குப் பட்டிருக்கும் கடன் யாது என்பதையே.

துரும்பு கொடுத்த காலம்

விவாகரத்து மேல்நாட்டாரிடமிருந்து நம்மைத் தொற்றிய நோய் என்று மேடையேறிப் பேசுவோர் உண்டு. இது சரித்திரம் அறியாதார் பேச்சு. மதுரைப் பக்கத்தில் சில வகுப்பாரிடையே, கணவன் தன் இனத்தார் முன்னிலையில் மனைவியிடம் ஒரு துரும்பைக் கொடுத்துவிட்டால் விவாகம் தீர்ந்தது என்பது வழக்கமாயிருந்தது. ‘துரும்பு கொடுத்தல்’ என்றால் விலக்குதல். ‘துரும்பு வாங்குதல்’ என்றால் அவ்விலக்கை ஏற்றல். காட்டிலும் கழனியிலும் உழைத்துப் பிழைத்த வகுப்பார் பலரிடம் அறுத்துக்கட்டும் வழக்கமும் இருந்தது. ஆகவே, மணமுறிவும் மறுமணமும் தமிழர் அறியாதவை என்பது பொய்.

‘கல்லானாலும் கணவன், புல்லானாலும் புருஷன்’ என்று பெண்ணுக்கு மட்டும் ஓதிவிட்டு, ஆணுக்கு இரண்டாவது மனைவியையும் அனுமதித்த நீதியே பின்னர் உயர்ந்த நீதியாகப் போற்றப்பட்டது. இந்த ஓரவஞ்சனையை எதிர்த்தே, 1929ஆம் ஆண்டு பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாகாண மாநாடு, விவாகத்தை ரத்துச் செய்துகொள்ளும் உரிமை ஆணுக்கும் பெண்ணுக்கும் வேண்டுமெனத் தீர்மானித்தது. அவ்வாண்டின் இறுதியிலேயே பெரியார் மலாயாவுக்கு வந்தார். 1949இல் சென்னை மாகாணம் இந்துக்களிடையே இருதார மணத்தைத் தடுத்து விவாகரத்துக்கு வழிசெய்தது. 1955இல் இந்தியா முழுவதற்கும் அத்தகைய சட்டம் வந்தது. சிங்கப்பூரில் மாதர் சாசனம் 1961ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. மலேசியாவில் 1976இல் இயற்றப்பட்ட விவாக, விவாகரத்துச் சீர்திருத்தச் சட்டம் 1982ஆம் ஆண்டு மார்ச் 1ஆம் நாள் அமலாயிற்று. அந்நாள்வரை, வழக்கப்படி மணந்த இந்து ஆடவன் முதல் மனைவி இருக்கவே மற்றொருத்தியைக் கொள்வதை இந்நாட்டுச் சட்டம் தடுக்கவில்லை என்பதை இளைஞர்கள் அறிய வேண்டும்.

பழைய வழக்கத்துக்கும் புதிய சட்டத்துக்கும் உள்ள பெரிய வேற்றுமை எது? துரும்பு கொடுத்தவன் பிரிவை மட்டுமே கொடுத்தான். இன்றைய சட்டமோ பிரிவைக் கொடுக்குமுன், ‘பின்னால் நடக்க வேண்டியவற்றுக்கு என்ன ஏற்பாடு?’ என்று கேட்கிறது.

சட்டம் கேட்கும் கேள்வி

மலேசியாவில் முஸ்லிமல்லாதார் மணந்து 2 ஆண்டுகள் ஆகுமுன் விவாகரத்துக் கேட்கலாகாது. சிங்கப்பூரில் 3 ஆண்டுகள் ஆதல் வேண்டும். அளவு கடந்த துன்பம் நேர்ந்தவர்க்கு நீதிமன்றம் விலக்களிக்கலாம். இரு நாட்டிலும் அடிப்படைக் காரணம் ஒன்றே: விவாகம் மீண்டும் ஒட்டவைக்க முடியாதபடி முறிந்துபோதல். அம்முறிவுக்குச் சான்றாகப் பிறர்மனை நாடுதல், கூடிவாழ முடியாத நடத்தை, 2 ஆண்டுகள் கைவிட்டுப் போதல், நெடுங்காலம் பிரிந்து வாழ்தல் முதலியன கொள்ளப்படும். ஒருவர் மட்டும் வழக்கிடும்போது, மலேசியாவில் முதலில் சமரசக் குழுவின் முன் செல்ல வேண்டும். பிணக்கைத் தீர்க்க அக்குழுவுக்கு 6 மாத காலம் உண்டு. கணவன் ஓடிப்போய் இருப்பிடம் தெரியாமலிருத்தல் போன்ற நிலைமைகளில் இவ்விதி வற்புறுத்தப்படுவதில்லை.

இருவரும் மனமொத்துப் பிரிய விரும்பினால் கூட்டாக விண்ணப்பிக்கலாம். அப்போது எளிதில் முடிந்துவிடும் என்று நினைக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மனைவியின் வாழ்வுக்கும், பிள்ளைகளின் பராமரிப்புக்கும் காவலுக்கும் தக்க ஏற்பாடு செய்யப்பட்டிருக்கிறது என்று நீதிமன்றம் மனநிறைவு கொண்டாலன்றித் தீர்ப்புக் கிடையாது. சிங்கப்பூரில் 2024ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் நாள்முதல், ஒருவர்மேல் ஒருவர் குற்றஞ்சாட்டாமலே இருவர் இசைவால் விவாகரத்துப் பெறலாம். அங்கும், பிரிவதற்குக் காரணம் யாது, சேர்ந்து வாழ என்ன முயற்சி செய்தீர்கள், பிள்ளைகளுக்கும் பொருளுக்கும் என்ன ஏற்பாடு செய்திருக்கிறீர்கள் என்னும் கேள்விகளுக்கு விடை கூறியே ஆகவேண்டும். முஸ்லிம் சகோதரர்களின் விவாக விஷயங்கள் ஷரியா நீதிமன்றங்களுக்கு உட்பட்டவை. ஆயினும் அங்கும் தந்தைக்குப் பிள்ளையைக் காக்கும் கடமை விவாகத்தோடு மறைவதில்லை.

இவற்றையெல்லாம் ஏன் விரித்துரைக்கிறோம்? சட்டம் பிரிவை எளிதாக்கிவிட்டது என்று கூக்குரலிடுகிறவர்களும், சட்டம் தம்மை விடுதலை செய்துவிட்டது என்று மகிழ்கிறவர்களும் அச்சட்டத்தைப் படிக்கவில்லை என்று காட்டுவதற்கே. கணவன் மனைவி என்னும் பெயரைச் சட்டம் நீக்குகிறது. அப்பெயரால் ஏறிய கடனை அது கணக்குப் பார்த்து எழுதிவைக்கிறது.

பிச்சையா, பங்கா?

அக்கடனில் முதலாவது ஜீவனாம்சம். இச்சொல்லை நம்மவர் நாள்தோறும் வழங்குகின்றனர். அதன் பொருளை நினைப்பவர் சிலரே. ஜீவனம் என்பது பிழைப்பு. அம்சம் என்பது பங்கு. பிழைப்புக்குரிய பங்கு என்பதே இதன் நேர்பொருள். பங்கு கேட்பவர் பங்காளியேயன்றிப் பிச்சைக்காரர் ஆகார். ஆயினும், ‘போனவளுக்கு நான் ஏன் படியளக்க வேண்டும்?’ என்று ஆண்மக்கள் கேட்பதையும், ‘அவன் காசு நமக்கு வேண்டாம், மானம்தான் பெரிது’ என்று பெண்வீட்டார் தலைநிமிர்ந்து கூறுவதையும் நாம் அடிக்கடி கேட்கிறோம். இரண்டும் அப்பணத்தைப் பிச்சையாகக் கருதியதால் எழுந்த வார்த்தைகள்.

ஒரு தோட்டத்துக் குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டி, கைக்குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட்டு, பெரட்டுக்குப் போய்ப் பேர்கொடுத்து, கணவனோடு நிரையில் நின்று பால்மரம் வெட்டி, திரும்பிவந்து லயத்தில் மறுபடியும் அடுப்பு மூட்டியவள் பெண். அவ்வாறு இருவர் உழைப்பால் சேர்ந்த காசில்தான் பட்டணத்தில் மலிவு வீடு வாங்கினார்கள். வீடு கணவன் பெயரில் எழுதப்பட்டது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு நம்மவர் பட்டணம் சேர்ந்தபின், வேறொரு பெண் வேலையை விட்டுப் பிள்ளை வளர்த்தாள். அவள் பெயரில் சேமநிதியில் ஒரு வெள்ளியும் ஏறவில்லை. கணவன் கவலையின்றி வெளியே சென்று சம்பாதிக்க முடிந்தது எவரால்? அடுப்படியில் நின்றவளுக்குக் கூலி எழுதிவைத்த கணக்கப்பிள்ளை எங்கும் இல்லை. அதனால் அவள் உழைக்கவில்லை என்று ஆகிவிடுமா?

இதனையுணர்ந்தே, விவாக காலத்தில் சேர்ந்த சொத்தைப் பிரிக்கும்போது, பணமாகக் கொடுத்ததை மட்டுமன்றி, வீட்டைப் பேணியதையும் பிள்ளைகளை வளர்த்ததையும் பங்களிப்பாக எண்ண வேண்டுமென இரு நாட்டுச் சட்டங்களும் கூறுகின்றன. ஜீவனாம்சத்தை அளக்கும்போது ஒருவருடைய தேவையும் மற்றவருடைய வசதியும் நிறுக்கப்படுகின்றன.

இங்கே எழும் தடைகளையும் மறைக்காமல் பேசுவோம். ‘குடும்பத்தைக் கெடுத்தவளுக்குமா பங்கு?’ என்பர். முறிவுக்கு எவர் எவ்வளவு பொறுப்பு என்பதையும் மலேசிய நீதிமன்றம் கருதலாம். ‘என்னைவிட அதிகம் சம்பாதிக்கிறாளே?’ என்பர். அப்படியாயின் தேவை குறைவு; அளவும் குறையும், இல்லாமலும் போகலாம். ‘கடமை ஆணுக்கு மட்டும்தானா?’ என்பர். நோயாலோ ஊனத்தாலோ உழைக்க இயலாத கணவனுக்கு வசதியுள்ள மனைவி ஜீவனாம்சம் கொடுக்க வேண்டுமென மலேசிய நீதிமன்றம் கட்டளையிடலாம். சிங்கப்பூரிலும் 2016ஆம் ஆண்டின் திருத்தம் அத்தகைய கணவனுக்கு இவ்வுரிமையைத் தந்தது. மறுமணம் செய்துகொண்டவளுக்கு முன்னாள் கணவனிடம் ஜீவனாம்சம் பெறும் உரிமை நின்றுவிடுகிறது. எனவே, இஃது ஆணைத் தண்டிக்கும் அபராதம் என்பது பொருந்தாது. சேர்ந்து உழைத்துக் கட்டிய வாழ்வு கலையும்போது, கலைவின் பாரம் ஒருவர் தலையிலேயே விழாமல் காக்கும் நீதி இது.

பிள்ளை யாருடையது?

சொத்தைப் பிரிக்கலாம், ஜீவனாம்சத்தை அளக்கலாம். பிள்ளையை என்ன செய்வது? ஒரு பிள்ளைக்கு இரு பெண்கள் வழக்காடியதையும், பிள்ளையை இரண்டாக வெட்டு என்றவுடன் உண்மைத் தாய் விட்டுக்கொடுத்ததையும் கூறும் கதை பல தேசங்களில் வழங்குகிறது. அந்த நீதிபதியின் வேலை எளிது. ஏனெனில், இருவரில் ஒருத்தி பொய்த்தாய். இன்று நீதிமன்றத்தில் நிற்கும் இருவரும் மெய்யாகவே பெற்றவர்கள். இருவருக்கும் அன்பு உண்டு. ஆகவே, உண்மைப் பெற்றோர் எவர் என்று கண்டுபிடிப்பதால் வழக்குத் தீராது.

நம் வீட்டுப் பெரியவர்கள் இதற்கு ஒரு சுருக்கமான வழி வைத்திருந்தனர்: ‘ஆண் பிள்ளை தகப்பனுக்கு, பெண் பிள்ளை தாய்க்கு.’ தட்டுமுட்டுச் சாமான்களைப் பங்கிடுவதுபோல் பிள்ளைகளையும் பங்கிட்டு, அண்ணனையும் தங்கையையும் இரண்டு ஊர்களில் வளர்த்தனர். பங்கிட்டவர்களுக்குத் தூக்கம் வந்தது. அண்ணனைத் தேடிய தங்கைக்கு வந்ததா என்று எவரும் கேட்கவில்லை.

சட்டம் கேள்வியையே மாற்றிவிட்டது. ‘பிள்ளை யாருடையது?’ என்று அது கேட்பதில்லை. ‘பிள்ளைக்கு நன்மை எது?’ என்றே கேட்கிறது. மலேசியச் சட்டத்தில் பிள்ளையின் நலனே தலையாயது. அதற்குப் பின்னரே பெற்றோரின் விருப்பமும், தன் எண்ணத்தைத் தானே சொல்லும் வயதடைந்த பிள்ளையின் விருப்பமும் கருதப்படும். 7 வயதுக்குட்பட்ட குழந்தை தாயிடம் இருப்பது நலம் என்று தொடக்கத்தில் கொள்ளப்படும். தக்க காரணம் காட்டினால் அந்த எண்ணம் மாறும். பிள்ளைகள் பலராயின் ஒவ்வொருவர் நலனும் தனித்தனியே ஆராயப்படும்.

சிங்கப்பூரில் மூன்று விஷயங்களைப் பிரித்துக் காண்பர். கல்வி, மதம், வைத்தியம் போன்ற பெரிய முடிவுகளைச் செய்யும் காவலுரிமை ஒன்று. நாள்தோறும் உடன்வைத்து வளர்க்கும் பராமரிப்பு மற்றொன்று. உடன் வாழாத பெற்றோர் வந்து பார்த்துப் பழகும் உரிமை மூன்றாவது. பராமரிப்பு ஒருவரிடம் இருந்தாலும், காவலுரிமையை ஒருவருக்கே கொடுத்து மற்றவரை விலக்குவது அரிதான நிலைமைகளிலேயே தகும் என்று அந்நாட்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் 2005இல் தெளிவுபடுத்தியது. பிள்ளையோடு வாழாத தந்தையும் தந்தையே என்னும் அறம் இத்தீர்ப்பினுள் இருக்கிறது.

இரண்டு கடன்கள்

இனி, நடைமுறையில் நம்மவர் குடும்பங்களைப் பெரிதும் வாட்டும் ஒரு சிக்கலுக்கு வருவோம். தந்தை மாதப்பணம் அனுப்புவதை நிறுத்துகிறான். தாய், ‘பணம் வராதவரை பிள்ளையின் முகத்தையும் பார்க்க விடமாட்டேன்’ என்கிறாள். அவன், ‘பிள்ளையைக் காட்டாதவளுக்குப் பணம் எதற்கு?’ என்கிறான். இருவருக்கும் தத்தம் பக்கத்தில் நியாயம் இருப்பதாகவே தோன்றுகிறது. அண்டை அயலாரும் கட்சி பிரிந்து ஆமோதிக்கின்றனர்.

இதில் உள்ள பிழை யாது? இவ்விருவரும் பிள்ளையைக் கடைச்சரக்காக்கிவிட்டனர். மாதப்பணம் பிள்ளையைப் பார்ப்பதற்குக் கொடுக்கும் கட்டணமாயிற்று. பிள்ளையின் முகம் அப்பணத்துக்குக் கொடுக்கும் ரசீதாயிற்று. உண்மையில் இவை ஒன்றுக்கொன்று மாற்றாகாத இரண்டு கடன்கள். சோறும் உடையும் கல்வியும் தந்தை பிள்ளைக்குப் பட்ட கடன். தந்தையின் அன்பைப் பிள்ளை பெற இடங்கொடுப்பது தாய் பிள்ளைக்குப் பட்ட கடன். இரண்டிலும் கடன் கொடுத்தது பிள்ளை. ஒருவன் தன் கடனைத் தீர்க்கவில்லை என்பதற்காக மற்றொருவர் அதே பிள்ளைக்குத் தம் கடனை மறுப்பது எந்த நீதி? தந்தை பட்டினி போட்டான். அதற்குப் பழியாகத் தாய் அன்பைப் பட்டினி போட்டாள். இரண்டு பட்டினியும் ஒரே வயிற்றில் விழுந்தன.

பிள்ளை தன்னிடம் இருந்தாலும் பிறரிடம் இருந்தாலும், அதற்கு உறைவிடம், உடை, உணவு, கல்வி அளிப்பது பெற்றோர் கடமை என்று மலேசியச் சட்டம் வெளிப்படையாகவே கூறுகிறது. அக்கடமை 18 வயதுவரை என்றிருந்தது. 2017இல் இயற்றி 2018 டிசம்பரில் அமலான திருத்தத்தின்படி, உயர்கல்வி பயிலும் பிள்ளைக்கு அப்படிப்பு முடியும்வரை நீளலாம். பணம் தராமல் ஏய்ப்பவனுடைய சம்பளத்திலிருந்தே பிடித்துக் கொடுக்கும்படி அவன் முதலாளிக்குக் கட்டளையிட நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. பிள்ளையை மறைக்கும் தாய்க்கு எதிராகவும் அதே நீதிமன்றத்தை நாடலாம். வழி இருக்கும்போது பிள்ளையைக் கேடயமாகப் பிடிப்பது தகாது.

தாய் அஞ்சுவதற்குக் காரணம் உண்டாயின் அது வேறு. குடித்துவிட்டு வந்து அடிப்பவனிடம், பிள்ளைக்கு ஊறு செய்பவனிடம், பார்க்கும் உரிமை என்ற பெயரால் பிள்ளையை ஒப்படைக்குமாறு நாம் கூறவில்லை. அங்கும் பிள்ளையின் நலனே அளவுகோல். ஆனால், அச்சத்துக்கும் கோபத்துக்கும் உள்ள வேறுபாட்டைத் தாய்தான் தன் மனச்சாட்சியைக் கேட்டு அறிய வேண்டும்.

தந்தையின் பக்கமும் ஒரு கடினம் உண்டு. சிறு சம்பளக்காரன் மறுமணம் செய்துகொள்கிறான். புதிய வீட்டிலும் பிள்ளை பிறக்கிறது. இருக்கும் காசு இரு வீட்டுக்கும் போதவில்லை. இவனை எளிதில் கல்லெறிய நாம் விரும்பவில்லை. ஆயினும், வேலை போயிற்று, நோய் வந்தது, சம்பளம் குறைந்தது என்றால், நீதிமன்றத்தில் உண்மையைச் சொல்லித் தொகையை மாற்றக் கோரலாம். அவ்வாறு செய்யாமல் முகவரியை மாற்றிக்கொண்டு மறைபவன், வறுமையால் கடனாளியானவன் அல்லன், மனத்தால் கடனாளியானவன். பின்னால் பிறந்த பிள்ளைக்காக முன்னால் பிறந்த பிள்ளையை மறப்பவன், நாளை இப்பிள்ளையையும் மறக்கமாட்டான் என்பதற்கு என்ன உறுதி?

நாம் செய்ய வேண்டுவன

கோயிலில் தாலி கட்டியதோடு நின்றுவிடாமல் விவாகத்தை அரசாங்கத்தில் பதிவு செய்யுங்கள். பதிவில்லாத மனைவி தன் உரிமையை நிலைநாட்டப் படும் பாடு கொஞ்சமன்று. மாதப்பணத்தைக் கைக்குக் கையாகக் கொடுக்காமல் எழுத்தில் நிற்கும்படி கொடுங்கள், வாங்குங்கள். வழக்குரைஞரை அமர்த்த வசதியில்லாதவர்கள் அரசாங்கச் சட்ட உதவி நிலையத்தை நாடுங்கள். ஏழைக்கு நீதி கிடையாது என்று வீட்டில் உட்கார்ந்து அழ வேண்டாம். பிள்ளையின் காதுபட ஒருவரையொருவர் ஏசாதீர்கள். ‘உங்கப்பனிடம் போய்ப் பணம் கேள்’ என்று பிள்ளையைத் தூது விடாதீர்கள்.

சமூகத்துக்கும் ஒரு சொல். பிரிந்த பெண்ணை மங்கல காரியங்களில் ஒதுக்குவதும், ‘வாழாவெட்டி’ என்று பட்டஞ்சூட்டுவதும், அவள் பிள்ளைக்குப் பெண் கொடுக்கத் தயங்குவதும் அநாகரிகம். ஜீவனாம்சம் கேட்பவளைப் பேராசைக்காரி என்றும், அதனைக் கொடுக்காதவனைச் சாமர்த்தியசாலி என்றும் பேசும் வாய்கள் இருக்கும்வரை, எத்தனை சட்டம் வந்தாலும் பாதிப் பயனே விளையும். கடையில் பட்ட கடனைக் கொடுக்காதவனை ஊரார் மதிக்கிறார்களா? பெற்ற பிள்ளைக்குப் பட்ட கடனைக் கொடுக்காதவனுக்கு மட்டும் திருமணப் பந்தியில் முதல் இலை போடுவது ஏன்?

கணவன் மனைவியாய் வாழ்வது இருவர் விருப்பத்தில் நிற்பது. அவ்விருப்பம் அற்றவிடத்து அவர்களைக் கட்டிவைத்து வதைப்பது அறமாகாது என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால், பெற்றோராய் வாழ்வது விருப்பத்தில் நிற்பதன்று. அதற்கு ரத்து எழுத எந்த நீதிபதிக்கும் அதிகாரம் கிடையாது. துரும்பு இரண்டாக ஒடியும், பிள்ளை ஒடியாது.